ஆறு பேர் இருக்கும் வீட்டில் உடல்நலத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எங்கள் வீட்டில் ஆறு பேர். மாமனாருக்கு 74 வயது, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மாமியாருக்குச் சர்க்கரை நோய். கணவர் நாற்பதை நெருங்குகிறார். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 2 வயது. உடல்நலக் குறிப்புகள் எத்தனையோ படிக்கிறோம். ஒரு வாரம் செய்கிறோம், பிறகு விட்டுவிடுகிறோம். குடும்பம் முழுவதற்கும் பொருந்துகிற மாதிரி அன்றாடம் எதைச் செய்யலாம்?

பதில்:

இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். "ஒரு வாரம் செய்கிறோம், பிறகு விட்டுவிடுகிறோம்" என்று இவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிறவர்கள் குறைவு. அதற்காகவே உங்களுக்கு நன்றி. அந்தக் குறிப்புகள் நிலைக்காமல் போனதற்கு உங்கள் மன உறுதிதான் காரணம் என்று நினைத்து வருந்தாதீர்கள். ஆறு பேரில் ஒருவர், அநேகமாக நீங்கள், ஒவ்வொரு நாளும் நினைவில் வைத்து, எல்லோரையும் விரட்டி, எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும் பழக்கம் எந்த வீட்டிலும் நிலைக்காது. யாரும் நினைக்காமலே நடக்கும்படி எதை அமைக்கிறோமோ அதுதான் நிலைக்கும்.

1953-ல் ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டனின் இரட்டை மாடி பஸ்களில் வேலை செய்தவர்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. ஓட்டுநர்கள் வேலையில் சேரும்போதே சற்றுப் பருமனாக இருந்தார்கள் என்பதைச் சீருடை அளவுகளை வைத்துப் பின்னர் அவரே கண்டுபிடித்துப் பதிவு செய்தார். ஆகவே எல்லாப் பெருமையும் படிக்கட்டுக்கே சேராது. ஆனாலும் நான் இந்த ஆய்வை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அந்த நடத்துநர்கள் யாரும் "நாளை முதல் உடற்பயிற்சி" என்று முடிவு எடுத்தவர்கள் இல்லை. பஸ்ஸில் படி இருந்தது, ஏறினார்கள். உங்கள் வீட்டிலும் அப்படிப்பட்ட படிகளை எங்கே வைக்கலாம் என்றுதான் பார்க்க வேண்டும்.

முதல் படி, இரவில் செல்போன்கள் உறங்கும் இடம். படுக்கையறைகளுக்கு வெளியே, கூடத்திலோ சமையலறையிலோ ஒரே இடத்தில் எல்லாச் சார்ஜர்களையும் வையுங்கள். படுக்கையறையில் சார்ஜரே இருக்கக் கூடாது. அலாரத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். இதைச் சொன்னவுடன் எல்லா வீட்டிலும் எதிர்ப்பு வரும், பெரும்பாலும் பெரியவர்களிடமிருந்துதான். ஆனால் தூக்கம் சரியானால் பசி, எரிச்சல், கவனம், இரத்த அழுத்தம் எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாவதைப் பார்த்திருக்கிறேன். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் தேவை. 13 வயது மகளுக்கு 8 முதல் 10 மணி நேரம். மகனுக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து, 11 முதல் 14 மணி நேரம். மகள் இரவு பத்தரை வரை தூக்கம் வரவில்லை என்று சொன்னால் அவளைத் திட்டாதீர்கள். பருவ வயதில், தூக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனினை மூளை சுரக்கும் நேரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. அவளுக்கு உண்மையாகவே தூக்கம் வருவதில்லை. காலை வெளிச்சத்தில் சற்று நேரம் இருப்பதும், விடுமுறை நாளிலும் எழும் நேரத்தை வெகுவாக மாற்றாமல் இருப்பதும் அந்த உள் கடிகாரத்தை முன்னே இழுக்கும்.

உணவைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். நான் இரண்டே பொருள்களைப் பற்றிச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. தலைதட்டிய ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய அவ்வளவுதான். பாக்கெட்டில் வருகிற தின்பண்டம், சாஸ், ஊறுகாய் எல்லாவற்றிலும் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் அடங்கும். சாப்பாட்டு மேசையிலிருந்து உப்புக் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். சமையலில் போடுவதை ஒரேயடியாகக் குறைத்தால் சாப்பாட்டு நேரத்தில் கலகம் வரும், ஆகவே வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதில் சோடியத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் பொட்டாசியம் இருக்கும். பலருக்கு அது நல்லதே. ஆனால் சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கும், சில வகை இரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் உடலில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடக்கூடும். மாமனாரின் மாத்திரைப் பட்டியலைக் காட்டி மருத்துவரைக் கேட்காமல் அந்த உப்பை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

இன்னொன்று சர்க்கரை, குறிப்பாகக் குடிக்கிற சர்க்கரை. 330 மில்லி லிட்டர் குளிர்பானம் ஒன்றில் ஏறக்குறைய 35 கிராம் இருக்கும். நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வீட்டில் வாங்கி வைக்காவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். விருந்தில் ஒருநாள் குடித்தால் ஒன்றும் ஆகிவிடாது. குளிர்பதனப் பெட்டியைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் கண்ணெதிரே நிற்பதுதான் கெடுதல். அந்த இடத்தில் கழுவி நறுக்கிய பழம் இருக்கட்டும்.

கை கழுவுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சோப்புப் போட்டு 20 விநாடி, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாம் தேய்த்துக் கழுவ வேண்டும். வியன்னாவில் 1847-ல் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவ வார்டுக்குள் நுழையும் மருத்துவர்கள் குளோரின் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று கட்டாயமாக்கிய சில மாதங்களில் தாய்மார்களின் சாவு பல மடங்கு குறைந்தது. கிருமி என்ற ஒன்று இருப்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்வதற்கு முன்பே அது நடந்தது. உங்கள் வீட்டில் செய்ய வேண்டியது, வெளியிலிருந்து வந்தவுடன் கண்ணில் படும் இடத்தில் சோப்பும், மகன் ஏறி நிற்க உறுதியான ஒரு சிறு பலகையும்.

இனி மாமனார். இரத்த அழுத்தத்தை வீட்டிலேயே அளந்து பார்க்கிறவர்கள் நிறைய. சரியாக அளப்பவர்கள் மிகக் குறைவு. என்னிடம் கொண்டுவரப்படும் குறிப்பேடுகளில் பாதி எண்களை நம்ப முடிவதில்லை. அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தேநீர், காபி, புகை, நடை எதுவும் அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் இருக்கக் கூடாது. முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வரட்டும், நிறைந்த சிறுநீர்ப்பையும் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். முதுகு சாயும்படியான நாற்காலியில், இரண்டு பாதமும் தரையில் படிய, கால்மேல் கால் போடாமல் உட்கார வேண்டும். கட்டில் விளிம்பு சரிப்படாது, முதுகுக்குச் சாய்மானம் இருக்காது. ஐந்து நிமிடம் சும்மா இருக்கட்டும். கையை மேசைமேல் வைத்து, கைப்பட்டை இதயத்தின் மட்டத்துக்கு வரும்படி, சட்டைக் கையின்மேல் இல்லாமல் வெறும் தோலின்மேல் சுற்றுங்கள். பருமனான கைக்குச் சிறிய பட்டை போட்டால் இல்லாத அழுத்தம் இருப்பதாகக் காட்டும். அளக்கும்போது அவரும் பேசக் கூடாது, நீங்களும் அவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. பேசிக்கொண்டே அளந்தால் 10 புள்ளி வரைகூடக் கூடலாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள், நன்றாக இருப்பதை மட்டும் எழுதாதீர்கள். பொதுவாக, வீட்டில் அமைதியாக அளந்த சராசரி 135/85-ஐத் தொடர்ந்து தாண்டினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மருத்துவமனையில் அந்த எல்லை பெரும்பாலான நாடுகளில் 140/90. மாமனாருக்கு எந்த எண் இலக்கு என்பதை அவருடைய மருத்துவர் சொல்லட்டும், வயதையும் மற்ற நோய்களையும் பொறுத்து அது மாறும்.

ஒருமுறை மட்டும் எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் அளந்து பாருங்கள். மேல் எண் 20 புள்ளிக்கு மேல் இறங்கினால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். படுக்கையிலிருந்து எழுந்ததும் தலை சுற்றி விழும் முதியவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். அழுத்தம் அதிகம் என்று எல்லோரும் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்கள், மனிதரை விழவைத்தது எழும்போது இறங்கிய அழுத்தமாக இருக்கும்.

கீழே விழுவதைப் பற்றி நான் மிகவும் கவலைப்படுகிறவன். இடுப்பெலும்பு முறிந்தபின் பழையபடி நடக்க முடியாமல் போன எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். ஒன்று செய்யுங்கள். இன்றிரவு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, மாமனாரின் கட்டிலிலிருந்து கழிவறைவரை நீங்களே நடந்து பாருங்கள். கண்ணாடி போடுகிறவராக இருந்தால் அதைக் கழற்றிவிட்டு நடங்கள். எங்கே கை சுவரைத் தேடுகிறது, எந்த மிதியடி வழுக்குகிறது, எந்த வயர் காலில் இடறுகிறது, எந்த நிலைப்படி தெரியவில்லை என்பதெல்லாம் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு செய்ய வேண்டியதை நான் சொல்லத் தேவையே இருக்காது: வழியில் ஒரு சிறு இரவு விளக்கு, ஓரம் சுருண்ட மிதியடிகளை அகற்றுவது, கழிவறையிலும் குளியலறையிலும் சுவரில் இறுகப் பதித்த கைப்பிடி. துண்டு தொங்கவிடும் கம்பி ஆளின் எடையைத் தாங்காது, அதை நம்பிப் பிடித்து விழுந்தவர்கள் உண்டு. எழும்போது கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு எழச் சொல்லுங்கள். தூக்க மாத்திரையோ, சிறுநீரை அதிகம் போக்கும் மாத்திரையோ சாப்பிடுகிறார் என்றால், எந்த நேரத்தில் சாப்பிடலாம் என்று மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

கால் வலு இருந்தால்தான் இந்த ஏற்பாடெல்லாம் உதவும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, ஒரு வேளைக்கு எட்டுப் பத்து முறை. பக்கத்தில் பிடித்துக்கொள்ள உறுதியான மேசை இருக்கட்டும். முடியாதவர் முதலில் கை ஊன்றியே செய்யலாம். 65 வயதைக் கடந்தவர்கள் நடையோடு, சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சியை வாரத்தில் 3 நாளாவது செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. மற்றப் பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிடமாவது சற்று மூச்சு வாங்கும் அளவுக்கான இயக்கம், மகளுக்கு நாள்தோறும் சராசரியாக ஒரு மணி நேரம். பத்தாயிரம் அடி நடந்தாக வேண்டும் என்று மனம் தளராதீர்கள். 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. அதைவிடக் குறைவாக நடந்தாலும் பலன் உண்டு. மகனைப் பற்றிக் கவலையே வேண்டாம், அவன் பின்னால் ஓடுகிறவர்களுக்கும் பயிற்சி கிடைத்துவிடும்.

மாமியாருக்குப் பாதம். சர்க்கரை நோய் ஆண்டுக்கணக்கில் இருக்கும்போது பாத நரம்புகளில் உணர்ச்சி மங்கும். குத்தியது தெரியாது, செருப்பு கடித்தது தெரியாது, சூடு பட்டதும் தெரியாது. வலியில்லாத புண் என்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள், கவனிக்கும்போது விரலை எடுக்க வேண்டிய நிலை வந்திருக்கும். இந்த வேலையை உங்கள் மகளிடம் ஒப்படையுங்கள் என்பேன். இரவு பாட்டி படுக்கும் முன், நல்ல வெளிச்சத்தில், உள்ளங்கால், குதிகால், ஒவ்வொரு விரலிடுக்கு. சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, ஈரம், நிற மாற்றம், ஒரு பாதம் மட்டும் சூடாக இருப்பது எல்லாவற்றையும் பார்க்கலாம். பாட்டிக்குக் குனிந்து பார்ப்பது கடினம், கண்ணும் மங்கியிருக்கலாம். பேத்திக்கு இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தில் இருவரும் பேசிக்கொள்வதும் எவ்வளவு நல்லது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பாதத்துக்கு எண்ணெயோ கிரீமோ தடவலாம், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்க வேண்டாம். அணியும் முன் செருப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு அணியட்டும்.

திடீரென வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம், காரணமில்லாத கோபம் தெரிந்தால் இரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கலாம். அளந்து 70-க்குக் கீழ் இருந்தால், அளக்கக் கருவி இல்லாவிட்டாலும், 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே அவசர ஊர்தியை அழையுங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். எனவே உங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம் மாமியாரின் மாத்திரை நேரத்தோடு ஒட்டியிருக்கட்டும்.

அடுத்தது மருந்துப் பெட்டி. பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரவில் காய்ச்சல். அம்மா பாராசிட்டமால் சிரப் கொடுத்திருக்கிறார். அரை மணி நேரத்தில், அது தெரியாமல், பாட்டியும் கொடுத்திருக்கிறார். விடியற்காலையில் அப்பா மறுபடி கொடுத்திருக்கிறார். மூவரும் அன்பினால்தான் செய்தார்கள். நல்லவேளையாக அந்தக் குழந்தைக்குப் பாதிப்பு எதுவும் வரவில்லை. அன்று முதல் எல்லாக் குடும்பங்களுக்கும் நான் சொல்வது: சிரப் புட்டியில் ஒரு தாளை ரப்பர் பேண்டால் கட்டி, பேனாவையும் அங்கேயே வையுங்கள். கொடுத்தவர் நேரத்தையும் அளவையும் எழுதிவிட்டுத்தான் மூடியைத் திருக வேண்டும்.

குழந்தைக்கான பாராசிட்டமால் அளவு எடையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி கிராம், இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம், ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் கூடாது. கடையில் கிடைக்கும் சிரப்புகளில் 5 மில்லி லிட்டருக்கு 120 மில்லி கிராம் உள்ளதும் உண்டு, 250 மில்லி கிராம் உள்ளதும் உண்டு. போன முறை கொடுத்த அதே அளவைப் புதுப் புட்டியிலிருந்து கொடுத்தால் இரண்டு மடங்காகிவிடலாம். புட்டியைப் படியுங்கள், புட்டியோடு வந்த அளவுக் குழாயாலேயே ஊற்றுங்கள். சமையலறைக் கரண்டிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. பெரியவர்களின் ஆஸ்பிரினைக் குழந்தைக்கும் பதின்ம வயதினருக்கும் காய்ச்சலுக்குக் கொடுக்கவே கூடாது, ஈரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய்க்குறி என்ற அரிய, கொடிய விளைவு வரக்கூடும். சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் கேட்டு மருத்துவரை வற்புறுத்தாதீர்கள். வைரஸ் கிருமியை அந்த மருந்து தொடுவதே இல்லை. தேவையில்லாமல் சாப்பிடும்போது உடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதற்குப் பழகிவிடுகின்றன.

மகனுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசல். மருந்துப் பெட்டியில் நான்கு பாக்கெட் எப்போதும் இருக்கட்டும். சர்க்கரையும் உப்பும் சேர்ந்து இருக்கும்போது குடல் சுவர் இரண்டையும் ஒன்றாக உள்ளே இழுத்துக்கொள்கிறது, தண்ணீரும் கூடவே போகிறது. வயிற்றுப்போக்கு கடுமையாக இருக்கும்போதும் இந்த வழி திறந்தே இருக்கும். 1971-ல் வங்கதேசப் போர் அகதிகளின் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹாலனபிஸ் இந்தக் கரைசலைப் பெரிய பீப்பாய்களில் கலந்து, உறவினர்கள் கையாலேயே நோயாளிகளுக்குக் கொடுக்கச் செய்தார். அங்கே 30 சதவீத அளவில் இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. கொடுத்தவர்கள் மருத்துவம் படித்தவர்கள் இல்லை, அம்மாக்களும் அண்ணன்மார்களும்தான்.

பாக்கெட்டில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரை அப்படியே அளந்து, முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கலக்க வேண்டும். "கொஞ்சமாகத்தானே குடிப்பான்" என்று ஒரு டம்ளர் நீரில் கண்ணளவாகக் கொட்டாதீர்கள், உப்பு மிகுந்துவிட்டால் ஆபத்து. பாக்கெட் கிடைக்காத இடத்தில், காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சுவைத்தால் கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது. புட்டியைக் கையில் கொடுத்துவிடாமல், கரண்டி கரண்டியாக, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, முன்னைவிட மெதுவாகக் கொடுங்கள். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். அழும்போது கண்ணீர் வராமை, குழி விழுந்த கண், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, துவண்டு கிடப்பது, மலத்தில் இரத்தம், எதுவும் வயிற்றில் தங்காத வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.

இரண்டு வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் நான் முதலில் தேடுவது பட்டன் பேட்டரியைத்தான். ரிமோட், பொம்மை, டிஜிட்டல் தெர்மாமீட்டர், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, எடைக் கருவி என்று அது இல்லாத இடமில்லை. விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் அந்த இடத்தை அரித்துவிடும். மூடியைத் திருகாணியால் இறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் டேப் ஒட்டுங்கள். விழுங்கியிருப்பான் என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்க முயலாமல் எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள். முழுக் கடலையும், முழுத் திராட்சையும் நான்கு வயதுவரை வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள். மண்ணெண்ணெய், பினாயில், அமிலம் எதையும் தண்ணீர்ப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள், ஒரு மணி நேரத்துக்குக்கூட. தீக்காயம் பட்டால் குழாய் நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, ஐஸ் எதுவும் வேண்டாம். 20 நிமிடம் என்பது அழும் குழந்தையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மிக நீண்ட நேரமாகத் தெரியும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காட்டுங்கள்.

பல் துலக்குவது இருவேளை, ஃபுளோரைடு பற்பசையோடு. இரவில் துலக்கியபின் துப்பினால் போதும், வாய் கொப்பளிக்க வேண்டாம். மகனுக்கு அரிசி மணி அளவு பசை.

இனி உங்களைப் பற்றி. உங்கள் கேள்வியில் ஐந்து பேரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஆறாவது ஆளுக்கு வயதுகூட எழுதவில்லை. எனக்கு இதுபோன்ற கேள்வி வரும்போதெல்லாம் அந்த ஆறாவது ஆள்தான் களைத்திருக்கிறார். படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, முடி கொட்டுகிறதா, மாதவிடாயில் இரத்தப்போக்கு மிகுதியாக இருக்கிறதா? ஹீமோகுளோபினையும் உடலின் இரும்புச் சத்து இருப்பையும் பார்த்துவிடுங்கள். தேநீரும் காபியும் உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதைத் தடுக்கும், சாப்பாட்டுக்கும் அவற்றுக்கும் ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள். நீங்கள் 30-ஐத் தாண்டியிருந்தால் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான எச்.பி.வி. பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். அதே நோயிலிருந்து மகளைக் காக்கும் தடுப்பூசிக்கு அவளுடைய வயதுதான் சரியான வயது, 9 முதல் 14 வரை போடுவதே சிறந்தது. அவளுக்கு இன்னும் போடவில்லை என்றால் 15 வயது ஆகும்வரை தள்ளிப்போடாதீர்கள். கணவரும் நீங்களும் ஒரே நாளில் போய் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக என்றால் அவர் மட்டும் போய்விட்டு வருவார், நீங்கள் அடுத்த மாதம் என்பீர்கள்.

வீட்டு வேலையிலும் இதே கணக்குத்தான். பாதம் பார்ப்பது மகளுக்கு, அழுத்தக் குறிப்பேடு கணவருக்கு, வாரத்துக்கு ஒருமுறை மாத்திரைகளைக் கிழமைப் பெட்டியில் அடுக்குவது மாமியாருக்கு, இரவில் எல்லாச் செல்போனும் சார்ஜர் இடத்துக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பது மாமனாருக்கு. ஒருவர் பெயரில் இருக்கும் வேலை நடக்கும், எல்லோருக்கும் பொதுவான வேலை கடைசியில் உங்கள் தலையில் விழும்.

கடைசியாக, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுவதற்கு ஒரு தாள். ஆறு பேரின் பெயர், வயது, சாப்பிடும் மருந்துகளும் அளவும், ஒவ்வாமை, இரத்த வகை, அவசர ஊர்தியின் எண், அருகில் 24 மணி நேரமும் இயங்கும் மருத்துவமனையின் எண். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் இதை எழுதுங்கள்: முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று தாழ்கிறதா, பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் பக்கவாதம் என்றே எண்ணி உடனே அவசர ஊர்தியை அழையுங்கள். தண்ணீர், மாத்திரை எதுவும் கொடுக்க வேண்டாம். மூளை இரத்தக் குழாயில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரம் அவர் கடைசியாக நன்றாக இருந்த கணத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. மருத்துவமனைக்குள் நுழைந்ததும் உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்விகளில் ஒன்று அதுதான். தாளின் அடியில் ஒரு கோடு போட்டு, "கடைசியாக நன்றாக இருந்த நேரம்" என்று எழுதி, மணி குறிக்க இடம் விட்டு வையுங்கள். பேனாவை ஒரு நூலில் கட்டி அங்கேயே தொங்கவிடுங்கள்.